பாப்புவா நியூகினியாவுக்குக் குடும்பமாக ஊழியத்துக்குப் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

தமிழ்ச் சபைகளிலிருந்து மிஷனெரிகள் புறப்பட்டுப் போவது நேற்று ஆரம்பித்த காரியம் இல்லை. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உண்டாகி, பாஷை தெரியாத தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல் பக்கம் ஆள் அனுப்பிய காலத்திலிருந்து அந்த வழி இருக்கிறது. ஆனால் நினைத்தால் ரயில் ஏறி ஊருக்கு வந்துவிட முடியாத ஒரு நாட்டுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகும்போது வருகிற கேள்விகள் வேறு. விசா, மலேரியா, பிள்ளைகளின் படிப்பு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா, மாதாமாதம் வர வேண்டிய பணம், இதையெல்லாம் வழியனுப்பு ஆராதனையில் யாரும் பேசுவதில்லை. நாங்கள் குடும்பமாக ஊழியம் செய்தது பாப்புவா நியூகினியாவில் என்பதால் அந்த நாட்டை வைத்தே எழுதுகிறேன். வேறு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போனதும் ஊழியத்தை ஆரம்பித்துவிடாதீர்கள். முதல் இரண்டு வருஷம் பாஷை படிக்கவும், அக்கம்பக்கத்தாரோடு பழகவும், அங்கே ஏற்கெனவே இருக்கிற சபையின் கீழ் உட்கார்ந்து கேட்கவும்தான். இதை உங்களை அனுப்பும் சபையிடம் இப்போதே பேசி, கமிட்டிக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆறாம் மாதம் "இதுவரை எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்று ஒரு போன் வரும், நீங்களும் பதற்றத்தில் எதையாவது தொடங்குவீர்கள்.

போகிற இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பாப்புவா நியூகினியா ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே இருக்கிறது. 1975 செப்டம்பர் 16-ல் சுதந்திரம் அடைந்த நாடு. 800-க்கும் மேற்பட்ட மொழிகள், உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிடையாது. தலைநகர் போர்ட் மோர்ஸ்பி. அங்கிருந்து இரண்டாவது பெரிய நகரமான லே (Lae) நகருக்கு இன்றுவரை சாலை இல்லை, பொதுவாக விமானத்தில்தான் போக வேண்டும். லேயிலிருந்து மலைநாட்டுக்கு, கொரோக்கா, மவுண்ட் ஹேகன் பக்கம், ஒரு நெடுஞ்சாலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

புதிதாகப் போகிறவர்கள் பலர் நினைப்பதுபோல் அது சுவிசேஷமே கேள்விப்படாத நாடு இல்லை. மக்கள்தொகைக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தங்களைக் கிறிஸ்தவர்கள் என்றே பதிவு செய்கிறார்கள். லூத்தரன் மிஷனெரி யோகான் ஃப்ளியர்ல் ஃபின்ஷ்ஹாஃபன் கரையில் இறங்கியது 1886-ல். அவருக்கு முன்பே, 1870-களில், பசிபிக் தீவுகளிலிருந்து வந்த சுதேச உபதேசிமார் தெற்குக் கரையிலும் கிழக்குத் தீவுகளிலும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கி, நிறைய பேர் மலேரியாவில் அங்கேயே மரித்தார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன, இவர்களில் பெரும்பாலானோரின் பெயர் நமக்குத் தெரியாது. இந்தியாவிலிருந்து போகிற நாம் இவர்களைத்தான் நம் முன்னோடிகள் என்று எண்ண வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆகவே அழைப்பு அங்குள்ள சபையிடமிருந்து வர வேண்டும். "உங்களுக்கு யார் தேவை?" என்று அவர்களிடம் கேட்டு, அவர்கள் எழுதிக் கேட்ட பிறகு போங்கள். பொதுவாகத் தேவைப்படுவது வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவுகிறவர்கள், வேதாகமக் கல்லூரி ஆசிரியர்கள், டாக்டர், நர்ஸ், பள்ளி ஆசிரியர், கணக்கு எழுதத் தெரிந்தவர், மோட்டார் மெக்கானிக். பிரசங்கம் செய்ய ஆள் வேண்டும் என்று அநேகமாக யாரும் கேட்கமாட்டார்கள், அவர்களிடமே நல்ல பிரசங்கிமார் இருக்கிறார்கள்.

வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டியவை

அழைப்பு இரண்டு பேருக்கும் இருக்க வேண்டும். கணவருக்கு அழைப்பு, மனைவி கூடப் போகிறார் என்ற கணக்கு அங்கே ஒரு வருஷம்கூட நிற்காது. தண்ணீர் பிடிப்பது, விறகு, சமையல், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை, வாசலில் வந்து உட்காரும் பெண்கள் என்று அந்த வாழ்க்கையின் பாரத்தில் பெரும் பங்கு அவர்மேல்தான் விழும். அதனால் மனைவிக்கும் தனியாக ஒரு பொறுப்பு, தனியாகப் பாஷை படிக்க நேரம், அந்த நேரத்தில் பிள்ளைகளைக் கணவர் பார்த்துக்கொள்வது, எல்லாம் ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

அப்புறம் அப்பா அம்மா. நம் ஊரில் இதுதான் மிகவும் கனமான கேள்வி. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போவது விசுவாசம்போல் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப்போவது உங்கள் தங்கையோ அண்ணனோதான். கூடப் பிறந்தவர்களை உட்காரவைத்து யார் எதைப் பார்ப்பது, செலவில் உங்கள் பங்கு எவ்வளவு, வங்கி மற்றும் சொத்து விஷயங்களுக்கு யாருக்கு அதிகாரப் பத்திரம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பேசுங்கள். பெற்றோரில் ஒருவர் தவறிவிட்டால் நீங்கள் வந்து சேரப் பல நாட்கள் ஆகும். கிராமத்து விமானத் தளத்தில் மேகம் விலக வேண்டும், போர்ட் மோர்ஸ்பிக்கு ஒரு விமானம், அங்கிருந்து சிங்கப்பூர், அப்புறம் சென்னை. அடக்கத்துக்குக் காத்திருப்பதா வேண்டாமா என்பதை அப்பாவிடமே கேட்டுவிடுவது நல்லது. என் அப்பா கேட்டதும் சிரித்துவிட்டு, "காத்திருக்க வேண்டாம்டா, கல்லறை எங்கேயும் ஓடிப்போகாது, வந்து பார்த்துக்கோ" என்றார். அந்தப் பதில் கையில் இருந்தது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

பணம்

மாதத் தாங்குபவர்கள் எத்தனை பேர் என்பதைவிட, எத்தனை பேர் ஐந்து வருஷம் விடாமல் அனுப்புவார்கள் என்று பாருங்கள். பாப்புவா நியூகினியா விலை மலிந்த நாடு இல்லை. காய்கறி சந்தையில் நியாயமான விலைக்குக் கிடைக்கும், ஆனால் நகரத்தில் வாடகை, உள்நாட்டு விமானம், டீசல், கடைச் சாமான் எல்லாம் நெருப்பு விலை. கணக்குப் போடும்போது இந்தியாவில் ஆகும் செலவைப் பெருக்கிப் பார்க்காதீர்கள், அங்கே இருக்கும் ஒரு குடும்பத்திடம் ஒரு மாத வரவு செலவைக் கேட்டு வாங்குங்கள்.

பணத்தை அனுப்பும் வழியை ஆடிட்டரிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். தர்ம டிரஸ்ட்டாகப் பதிவான ஒரு சங்கம் தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவு செய்தால், தனியாக அனுமதி பெற்றிருந்தாலொழிய, அந்தத் தொகைக்கு வரிவிலக்கு கிடைக்காது. இது தெரியாமல் அனுப்புகிற சபைகள் உண்டு. நீங்கள் நீண்ட காலம் வெளியே தங்கப்போகிறவர் என்பதால் உங்கள் சாதாரண சேமிப்புக் கணக்கையும் வெளிநாடுவாழ் இந்தியருக்கான கணக்காக மாற்ற வேண்டியிருக்கும். கிளம்பும் முன் நேரில் வங்கிக்குப் போய்க் கேட்டுவிடுங்கள், அங்கிருந்து கையெழுத்துப் போட்டு அனுப்புவது பெரும்பாடு.

காகிதங்கள்

மதப் பணியாளர்களுக்கென்று தனி விசா வகை இருக்கிறது, அதற்கு அங்குள்ள சபையோ சங்கமோ ஏற்பாளராக நிற்க வேண்டும். காவல்துறை நன்னடத்தைச் சான்று, மருத்துவப் பரிசோதனை, படிப்புச் சான்றுகள், திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எல்லாம் வேண்டும். பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். நம் இனிஷியல் முறையால் இதில் சிக்காத தமிழ்க் குடும்பம் குறைவு.

இன்னொரு விஷயம், இதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே பெரிய வியாதி என்றால் நோயாளியை ஆஸ்திரேலியாவுக்கு, கெய்ன்ஸ் அல்லது பிரிஸ்பேனுக்கு, விமானத்தில் கொண்டுபோவதுதான் வழக்கம். ஐரோப்பிய, அமெரிக்கக் குடும்பங்களுக்கு அந்த விசா சுலபம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அப்படி இல்லை. ஆகவே குடும்பத்தில் எல்லாருக்கும் ஆஸ்திரேலிய விசா முன்கூட்டியே எடுத்து, தீரும்போது புதுப்பித்து வைத்திருங்கள். மருத்துவக் காப்பீட்டிலும் விமானத்தில் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்று பாலிசியை வரி வரியாகப் படியுங்கள். ஆஸ்திரேலியா வழியாகப் பயணம் செய்தாலும் இந்தியர்களுக்கு இடைநிறுத்த (டிரான்சிட்) விசா தேவை, அது வேண்டாம் என்றால் சிங்கப்பூர் வழி போங்கள்.

உடம்பு

ஃப்ளியர்ல் காலத்தில் கடற்கரையில் மலேரியா மிஷனெரிகளை வரிசையாகச் சாய்த்தது. 1892-ல் அவர்கள் சாட்டல்பெர்க் மலைமேல் ஏறி வீடு கட்டியதற்கு அதுவும் ஒரு காரணம். இன்றும் கடற்கரையிலும் தாழ்வான ஆற்றுப் பகுதிகளிலும் மலேரியா கடுமை, உயரமான மலைநாட்டில் குறைவு. எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து டாக்டரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். பெரியவர்களுக்குக் கொடுக்கும் எல்லா மாத்திரையும் சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. அங்கே விவாக்ஸ் வகையும் இருக்கிறது. அது ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் திரும்பும், வேரோடு எடுக்கக் கொடுக்கும் பிரைமாகுயின் சிலருடைய இரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளாது. அதற்கான ஜி6பிடி பரிசோதனையை நால்வரோ ஐவரோ எல்லாரும் ஊரிலேயே செய்து, ரிசல்ட்டை பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் வந்தால் அன்றைக்கே பரிசோதனைப் பட்டையில் பார்க்க வேண்டும். "நாளைக்குப் பார்ப்போம்" என்பது பிள்ளைகள் விஷயத்தில் கூடவே கூடாது. மருந்து தோய்த்த கொசுவலை ஒவ்வொரு படுக்கைக்கும். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையில் எதுவும் விடுபட்டிருக்கக் கூடாது, 2018-ல் அங்கே இளம்பிள்ளை வாதம் மறுபடி தலைதூக்கியது. காசநோயும் அதிகம்.

என்ன எடுத்துப் போவது

குறைவாக. மிஷனெரிகள் நம்பியிருக்கும் சிறு விமானங்களில், உதாரணமாக 1951 முதல் அந்நாட்டில் பறக்கும் எம்.ஏ.எஃப். என்ற மிஷனெரி விமானச் சங்கத்தின் விமானங்களில், பெட்டியை மட்டும் அல்ல, உங்களையும் தராசில் நிறுத்துவார்கள். எங்கள் சின்னவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டியபடி அந்த மேடைத் தராசில் ஏறி நின்று, ஊழியர் எண்ணைச் சொல்லச் சொல்ல, பையிலிருந்து ஒவ்வொரு புத்தகமாக எடுத்து அம்மாவிடம் நீட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கிராமத்துக்குப் போகும்போது அரிசி மூட்டையா, சோலார் பேட்டரியா, பிள்ளையின் புத்தகமா என்று கிலோக் கணக்கில் முடிவு செய்வீர்கள். மலைச்சரிவில் வெட்டிய புல்தரை ஓடுபாதைகள் அவை, மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும் என்பதால் அநேகமாகக் காலையிலேயே பறப்பார்கள். அன்றைக்கு வராவிட்டால் மறுநாள் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மசாலாவைப் பொடியாக, கடையில் சீல் போட்ட பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள். முழு மல்லி, கடுகு, வெந்தயம் எல்லாம் முளைக்கக்கூடிய விதை, அந்நாட்டு விவசாய நோய்த்தடுப்புத் துறை கேள்வி கேட்கும். எதையும் மறைக்காமல் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள், எடுத்துக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். கறிவேப்பிலைச் செடி ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். தேங்காய், வாழை, மஞ்சள், இஞ்சி, கீரை வகைகள் கடற்கரையில் தாராளம். மலைநாட்டில் கௌகௌ என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்குதான் சோறு. பிளக் ஆஸ்திரேலிய மாதிரி, நம் ஊர் பிளக் பொருந்தாது. மனைவிக்குச் சேலையைவிடச் சுடிதார் அங்கே வசதி, தளர்வாக முழங்கால் மறைய இருக்கும் எந்த உடையும் மதிப்பாகவே பார்க்கப்படும்.

பாஷை

முதலில் டோக் பிசின். நாட்டின் பெரும்பகுதியில் அதுதான் சந்தைப் பாஷை, சபைப் பாஷை. அதில் புதிய ஏற்பாடு 1969-லும் முழு வேதாகமம் 1989-லும் வந்தது. அந்த வேதாகமத்தை வாங்கி, தெரிந்த சங்கீதங்களிலிருந்து சத்தமாக வாசிக்க ஆரம்பியுங்கள். மதாங் அருகே நொப்நொப் குன்றில் பல தலைமுறை மிஷனெரிகள் பயின்ற அறிமுகப் பயிற்சியின் முக்கியமான பகுதி, குடும்பத்தோடு ஒரு கிராமத்தில் சில வாரங்கள் தங்குவதுதான். உங்கள் சங்கம் அப்படி ஒரு பயிற்சி தந்தால் பிள்ளைகள் சின்னவர்கள் என்று சாக்குச் சொல்லித் தவிர்க்காதீர்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய முதல் வாக்கியம் "எம் வனெம்?", அது என்ன என்று கேட்பது. காலையில் ஒரு சின்ன நோட்டோடு வெளியே போய், தெரியாத பொருளை எல்லாம் காட்டிக் கேளுங்கள். பாட்டிமார்களும் பிள்ளைகளும் அலுக்காமல் சொல்வார்கள். தமிழருக்கு ஒரு சௌகரியம், நாம், நாங்கள் என்ற பிரிவு அங்கேயும் யுமி, மிபெலா என்று இருக்கிறது. ஜெபத்தில் மட்டும் கவனம், ஆண்டவரிடம் பேசும்போது மிபெலா.

அடுத்தது ஊர்ப்பாஷை. மொழிபெயர்ப்புப் பணிக்குப் போகிறவர்களுக்கு இது இல்லாமல் ஒன்றும் நடக்காது. அது சில ஆயிரம் பேர் மட்டும் பேசுவதாக இருக்கலாம், அகராதி இருக்காது, எழுத்தே அப்போதுதான் முடிவாகிக்கொண்டிருக்கும். நல்ல ஆங்கிலமும் டோக் பிசினும் இருந்தால் போதுமே என்று தோன்றும். துக்கத்திலும் சண்டையிலும் மனிதர்கள் பேசுவது ஊர்ப்பாஷையில்தான், அது புரியாதவர் அந்த ஊரில் எத்தனை வருஷம் இருந்தாலும் வாசலோடு நிற்கிறவர்தான்.

ஊருக்குள் வாழ்வது

நிலத்தில் ஏறக்குறைய எல்லாமே, 97 சதவீதம் என்பார்கள், பரம்பரைக் குலங்களின் சொத்து. சும்மா கிடப்பதுபோல் தெரியும் இடத்துக்கும், காட்டுக்குள் நிற்கும் பாக்கு மரத்துக்கும், ஓடையில் விழும் தண்ணீருக்கும் உரிமையாளர் உண்டு. வீடு கட்டவோ தண்ணீர்த் தொட்டி வைக்கவோ ஒரு பெரியவர் தலையாட்டினால் போதாது. சம்பந்தப்பட்ட குலங்கள் எல்லாம் உட்கார்ந்து பேசி, போதகர் முன்னிலையில் முடிவாகட்டும். இதற்கு மாதங்கள் ஆகும். ஆகட்டும்.

உங்களை ஏதோ ஒரு குலத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இன்னாருக்குத் தம்பி, இன்னாருக்கு மருமகள் என்று ஒரு இடம் கிடைக்கும். அதோடு கடமைகளும் வரும். பல ஊர்களில் கல்யாணத்தால் உறவானவர்கள் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லக் கூடாது, யார் பெயரைச் சொல்லலாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பெண்கள் சாப்பாட்டையோ உட்கார்ந்திருப்பவரின் காலையோ தாண்டிப் போகக் கூடாது என்பதும் பல இடங்களில் கண்டிப்பு, நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதிதாக இருக்காது.

வான்டோக் என்ற உறவுமுறை, அதாவது ஒரே பாஷைக்காரர்களுக்குள் இருக்கும் கொடுக்கல் வாங்கல் கடமை, அந்த நாட்டின் எலும்பு. அரிசி கேட்பார்கள், பள்ளிக் கட்டணம் கேட்பார்கள், டார்ச் கேட்பார்கள். வெள்ளைக்கார மிஷனெரிகளில் சிலர் இதைத் தொல்லையாகப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன், எனக்கு அப்படித் தோன்றியதில்லை. நம் கிராமத்துக் கல்யாண மொய் நோட்டைப் புரட்டியவருக்கு இது விளங்கும்: வாங்கியது மறக்கப்படுவதில்லை, திரும்பும் நாள் வரும். இருந்தாலும் உங்கள் கையிருப்புக்கு எல்லை உண்டு. மாதம் இவ்வளவு என்று தனியாக எடுத்து வையுங்கள், யாருக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம் என்று உங்கள் குலத்துப் பெரியம்மா ஒருவரிடம் கேட்டுச் செய்யுங்கள். தனியாளுக்கு ரகசியமாகக் கொடுக்காதீர்கள், அது ஊருக்குத் தெரியாமல் இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹவுஸ் க்ராய், துக்க வீடு. யாராவது இறந்தால் கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டுப் போங்கள். பாஷை வகுப்பு, மொழிபெயர்ப்பு, விருந்தாளி எதுவும் காரணம் ஆகாது. அரிசி, சர்க்கரை, தேயிலை, விறகு என்று ஏதாவது கொண்டுபோக வேண்டும். நெருங்கும்போதே பெண்கள் ஓலமிட்டு அழுதபடி உள்ளே போவார்கள், உடம்பில் சேறு பூசிக்கொள்ளும் ஊர்களும் உண்டு. நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். ஆறுதல் வசனம் வேண்டாம். தரையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான், அதுவும் அரை மணி நேரம் இல்லை, பொழுது முழுக்க, முடிந்தால் இரவும். எங்கள் பக்கத்து வீட்டு முதியவர் இறந்தபோது என் மனைவி பெண்கள் நடுவில் உட்கார்ந்து, நம் ஊரில் செய்வதுபோலவே பக்கத்தில் இருந்தவரின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அப்போது ஊர்ப்பாஷையில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. அதற்குப் பிறகுதான் பெண்கள் தோட்டத்துக்குப் போகும்போது எங்கள் வாசலில் நின்று அவளையும் கூப்பிட்டார்கள், ஒருத்தி தான் பின்னிய பிலும் பையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

பிள்ளைகள்

பாஷையில் உங்களை முந்திவிடுவார்கள். ஊரே அவர்களைத் தூக்கி வளர்க்கும், அது பெரிய பாக்கியம். அதோடு பாதுகாப்பு விதிகளையும் தெளிவாக வையுங்கள்: யார் வீட்டிலும் இரவு தனியாகத் தங்குவதில்லை, ஆற்றுக்குப் பெரியவர் இல்லாமல் போவதில்லை, யாராவது தொடக்கூடாத விதமாகத் தொட்டால் அம்மாவிடமோ அப்பாவிடமோ உடனே சொல்ல வேண்டும். ஊழியக்காரர் என்றாலும் இதே விதிதான். உங்கள் சங்கத்துக்கு எழுத்தில் பிள்ளைகள் பாதுகாப்புக் கொள்கை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அதை எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

படிப்புக்கு மூன்று வழி. கிழக்கு மலைநாட்டில் கைனான்டு அருகே உக்காரும்பாவில், 1950-களில் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் அமைத்த மையத்தில், மிஷனெரிப் பிள்ளைகளுக்கான சர்வதேசப் பள்ளி இருக்கிறது. அது நல்ல வழி, ஆனால் கிராமத்தில் இருக்கும் பெற்றோர் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, நகரத்துப் பள்ளி. மூன்றாவது, வீட்டிலேயே படிப்பது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி போன்ற வழிகளில் பரீட்சை எழுதுவது. எதை எடுத்தாலும் பிற்பாடு இந்தியக் கல்லூரியில் சேரச் சமநிலைச் சான்று கிடைக்குமா என்று ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே விசாரித்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையோடு சென்னையில் இறங்கி அலுவலகம் அலுவலகமாக ஏறுவது கொடுமை.

வீட்டில் தமிழை விடாதீர்கள். தினமும் இரவு ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தைப் பிள்ளைகள் ஆளுக்கு நாலு வசனம் வாசிக்கட்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் உதவும். ஆச்சி தாத்தாவோடு பேச ஒரு பாஷை இல்லாமல் போனால் விடுமுறையில் ஊருக்கு வரும்போது பிள்ளைகள் விருந்தாளிகளாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆபத்துகள்

போர்ட் மோர்ஸ்பியிலும் லேயிலும் இருட்டிய பிறகு வெளியே போகாதீர்கள், வண்டியின் கதவைப் பூட்டியே ஓட்டுங்கள். மலைநாட்டில் குலச் சண்டை மூண்டால் அந்தப் பாதையில் பயணம் வேண்டாம், உள்ளூர் ஓட்டுநர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இன்னொரு வேதனையான விஷயம் சங்குமா, சூனியக் குற்றச்சாட்டு. யாராவது திடீரென்று இறந்தால் ஒரு பெண்ணின்மேல் பழி விழுந்து, அடித்துச் சித்திரவதை செய்வதும் கொல்வதும் நடக்கிறது. சூனியத்தைக் குற்றமாகச் சொன்ன 1971-ம் வருஷச் சட்டத்தை 2013-ல் நீக்கினார்கள், ஆனால் வன்முறை நிற்கவில்லை. அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்ததும் போதகரிடமும் மூப்பர்களிடமும் போலீசிடமும் அந்த மணியே சொல்லுங்கள், அந்தப் பெண்ணை ஊரைவிட்டுக் கொண்டுபோக வண்டியோ விமானமோ ஏற்பாடு செய்ய முடிந்தால் செய்யுங்கள். புதியவர் கூட்டத்தின் நடுவே தனியாகப் போய் நின்று பிரசங்கம் பண்ணுவது அவளுக்கும் உதவாது.

ஜெபக் கடிதம்

மாதம் ஒன்று போதும், ஒரு பக்கம். "இருளில் கிடக்கும் ஜனங்கள்" என்றெல்லாம் எழுதாதீர்கள். உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் ஃபேஸ்புக்கில் இருக்கிறான், உங்கள் பதிவைப் படிப்பான். அவன் அம்மாவின் படத்தைப் போட அவளிடம் அனுமதி கேளுங்கள். எண்ணிக்கை கேட்டுத் துளைக்கும் தாங்குபவர்களுக்கு ஃப்ளியர்ல் கதையைச் சொல்லுங்கள். 1886-ல் போனவர்களுக்கு முதல் ஞானஸ்நானம் 1899-ல்தான். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்: இந்த மாதம் லூக்கா 15-ம் அதிகாரத்தைப் பாட்டிமார்களுக்கு வாசித்துக் காட்டினோம், மூன்று இடத்தில் புரியவில்லை என்றார்கள், திருத்திக்கொண்டிருக்கிறோம். ஜெபிக்கிறவர்களுக்கு அது போதும்.

விடுமுறையும் திரும்புவதும்

மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது எல்லாச் சபைகளும் கூப்பிடும். முதல் மாதம் எந்தக் கூட்டத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மருத்துவப் பரிசோதனை, பல், கண், பிள்ளைகளுக்கு ஆச்சி வீடு, நல்ல தூக்கம். மேடையில் பிள்ளைகளை ஏற்றி டோக் பிசினில் பாடச் சொல்வதற்கு முன் அவர்களுக்கு விருப்பமா என்று கேளுங்கள். உங்கள் பெயரில் ஓய்வூதியத்துக்கு ஏதாவது கட்டப்படுகிறதா என்பதையும் இந்த விடுமுறையில் சங்கத்தோடு பேசி முடியுங்கள், அறுபது வயதில் வாடகை வீட்டுக்கு அலையும் மிஷனெரிக் குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

முழுவதுமாகத் திரும்பும் நாள் வரும்போது, வேலை ஏற்கெனவே உள்ளூர் ஆட்களின் கையில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்புக் கோப்புகள் அவர்கள் கணினியில், சாவி அவர்கள் கையில், கணக்கு நோட்டு சபைப் பொருளாளரிடம். வீட்டுச் சாமான்களைக் கடைசி நாளில் வாரிக்கொடுக்காதீர்கள், யாருக்குப் பானை, யாருக்கு சோலார் விளக்கு என்பதில் மனஸ்தாபம் வரும். ஒரு மாதம் முன்பே போதகரோடும் குலத்துப் பெரியவர்களோடும் உட்கார்ந்து பட்டியல் எழுதி, எல்லார் முன்னாலும் வாசித்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியும் வீடும் நிலம் கொடுத்த குலத்துக்கே சேரும், அதைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள்.